லேபிள் இல்லாத பாட்டில்

நீச்சல் குளத்துக் காவலாளி கதவைத் தட்டிப் பார்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார், கடைசியில் தோளைக் கொடுத்து இடித்தார். தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து விழுந்தது.

உள்ளே, பயிற்சியாளர் அறையில், சுறா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தில் விசில். தோளில் ஈரத் துண்டு. யாரையோ கூப்பிட நினைத்து, வேண்டாமென்று விட்டுவிட்டவர்போல் வாய் லேசாகத் திறந்திருந்தது. தொட்டுப் பார்த்த காவலாளி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

சற்று முன்புவரை பெரியவர்களுக்கான காலை வகுப்பை நடத்திக்கொண்டிருந்த மனிதர் அவர்.

சுறாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருந்தது. இளமையில் நீச்சல் போட்டிகளில் பதக்கங்களை அள்ளிக்கொண்டு வந்ததிலிருந்து எல்லோருக்கும் அவர் சுறாதான். ஐம்பதைத் தாண்டியும் தொந்தி போடாத உடம்பு. அந்த உடம்பின் படம் நகரத்தின் மருந்துக் கடைகளில் எல்லாம் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு அலையிலிருந்து எழுந்து வருகிற மாதிரி ஒரு படம். கீழே, 'சுறா சக்தி. ஆண்களுக்கான கடற்பாசி காப்ஸ்யூல்'.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது, வகுப்புக்கு வந்திருந்தவர்கள் ஈரத் தலையோடு சுவரோரம் நின்றிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குப் பேச்சு குறைவு. ஆட்களிடம் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். அதனாலேயே பாதிப் பேர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

அறையில் ஒரே ஜன்னல். இரும்புக் கம்பிகள், ஒன்றும் அசையவில்லை. மேசையில் பிளாஸ்க், குடித்துவிட்டு வைத்த கோப்பை, வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலில் லேபிள் இல்லை. திறந்து பார்த்தார். கரும்பச்சைக் காப்ஸ்யூல்கள். காய்ந்த மீன்கூடை வாடை முகத்தில் அடித்தது.

நாற்காலிக்குப் பக்கத்தில் பை திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு சோப்பு டப்பா. டப்பாவில் சோப்பு இல்லை. மூடி கழற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றும், அதற்குள் பொடிப் பொடியான வெள்ளை மாத்திரைகளும் இருந்தன. குப்பியின் மூடி நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்தது.

"நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை மேடம்" என்றார் ஏட்டு. "எங்க அப்பா வச்சிருந்தாரு. நெஞ்சு வலி வந்தா உடனே போட்டுக்கணும். இவரும் போட்டிருக்காரு, கேக்கல. மாரடைப்பு. அவ்வளவுதான்."

"ஏன் கதவைத் தாழ் போட்டாரு?"

"டிரெஸ் மாத்த."

"நீச்சல் டிரெஸ்லயேதான் இருக்காரு. மருந்தை சோப்பு டப்பாவுல ஒளிச்சு வச்சவரு, அதைப் போடும்போது யாரும் பார்த்துடக் கூடாதுன்னு தாழ் போட்டிருக்காரு." இன்ஸ்பெக்டர் வெள்ளை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கங்களை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. "இது கடையில விக்கிற மாதிரி இல்லையே."

"ஆமா மேடம், கடை பாட்டில்ல அவரு படம் இருக்கும். அந்த லேபிளைப் பிய்க்கவே முடியாது. நகம்தான் உடையும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஏட்டு தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேல் போன வருடம்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"சும்மா ஒரு தெம்புக்கு மேடம்."

"வேலை செய்யுதா?"

"நல்லாவே செய்யுது" என்றவர், குரலை இறக்கினார். "முகம் கொஞ்சம் சூடாகும், மூக்கடைக்கும். அப்புறம் பாக்கறதெல்லாம் லேசா நீலமாத் தெரியும். கடல் கண்ணுக்குள்ள வந்துடுச்சுன்னு சொல்லுவாங்க. விளம்பரத்துலயே அப்படித்தான் போட்டிருக்கான், 'கடலைக் கண்ணில் காணுங்கள்'னு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பாட்டிலை உறையில் போட்டு ஒட்டினார்.

"உங்ககிட்ட இருக்கிற பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க. கூச்சப்படாதீங்க. அது இனிமே சாட்சி."

•

சுறாவின் மனைவி பள்ளி ஆசிரியை. சோபாவின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். கண்ணாடிக் குப்பியைக் காட்டியதும் அந்த முகம் மாறியது.

"இது அவரோடதில்லைங்க. வேற யாரோடதோ."

"அவரு பையில இருந்தது."

"அவருக்கு நெஞ்சுல ஒண்ணும் கிடையாது. தினம் நீந்துற மனுஷன். ஒரே வீட்ல இருக்கோம், ஒரே தட்டுல சாப்பிடுறோம். எனக்குத் தெரியாம எப்படி..." பாதியில் நின்றார். அடுத்த கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டவர்போல், "சோப்பு டப்பாவுலயா வச்சிருந்தாரு?" என்றார்.

"ஆமா."

"அந்த டப்பா நான் வாங்கிக் குடுத்தது."

இன்ஸ்பெக்டர் சற்றுப் பொறுத்து, "காப்ஸ்யூல் தினமும் சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.

"காலையில டீயோட ரெண்டு. இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. ஊருக்குச் சொல்றவன் முதல்ல நான் சாப்பிடணும்பாரு. அவருக்கு அதுல அப்படி ஒரு நம்பிக்கை."

"அவரு பாட்டில்ல மட்டும் ஏன் லேபிள் இல்ல?"

முதன்முறையாக அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பின் நிழல் தெரிந்தது. "தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கிட்டு மாத்திரை முழுங்க வெட்கமா இருக்காம். அதனால என் தம்பி அவருக்குன்னு தனியா, லேபிள் ஒட்டாம நிரப்பிக் கொண்டாந்து குடுப்பான். தயாரிப்பு முழுக்க அவன் பொறுப்புதான். இவரு கடலைப் பத்திப் பேசுவாரு, அவன் மெஷினைப் பார்த்துப்பான்."

"அவருக்கும் பாக்கறதெல்லாம் நீலமாத் தெரியுமா?"

"முன்னாடி தெரியும். 'ஏய், நீ இன்னிக்கு நீலமா இருக்கே'ன்னு கிண்டல் பண்ணுவாரு. போன மழைக்காலத்துக்கு அப்புறம் நின்னு போச்சு. 'கடல் என்னைக் கை விட்டுடுச்சு, வயசாயிடுச்சு'ன்னு சிரிப்பாரு."

சமையலறை அலமாரியில் இன்னொரு லேபிள் இல்லாத பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் காப்ஸ்யூல் மிச்சம்.

"இதுல இவ்வளவு இருக்கும்போது, எதுக்கு இன்னொரு பாட்டில்?"

"நேத்து சாயந்திரம் தம்பி கொண்டாந்தான். புதுசா அரைச்சதுன்னு சொன்னான். நான்தான்..." மனைவியின் கை தன்னிச்சையாக மடியில் எதையோ மடித்துக்கொண்டிருந்தது. "நான்தான் காலையில அவரு பையில வச்சேன்."

"நேத்து ரெண்டு பேருக்குள்ள ஏதாவது பேச்சு?"

"ஒண்ணுமில்லையே. ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருந்தாங்க. அவன் போனப்புறம் இவரு மட்டும் என்னவோ சொன்னாரு. 'உன் தம்பி தப்பு பண்ணாலும் திருத்திக்குவான், மனசு சுத்தம்'னு. எதுக்குச் சொல்றீங்கன்னு கேட்டேன். நாளைக்குச் சொல்றேன்னாரு."

•

இதய மருத்துவர், சுறாவோடு ஒரே அணியில் நீந்தியவர். சுவரில் இருவரும் ஈரத் தலையோடு தோள்மேல் கை போட்டு நிற்கும் பழைய படம்.

"ஆமா, நான்தான் மாத்திரை எழுதிக் குடுத்தேன்" என்றார். "போன மழைக்காலத்துல நெஞ்சு வலின்னு வந்தான். ரத்தக்குழாய் அடைப்பு. ஆபரேஷன் பண்ணிக்கோன்னேன். 'என் படத்தைப் பார்த்துத்தான் ஜனங்க வாங்குறாங்க, நானே ஆஸ்பத்திரியில படுத்தா?'ன்னான். வீட்ல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"நீங்களும் சொல்லல."

"நோயாளி சொல்லாதேன்னா சொல்ல முடியாதுங்க." டாக்டர் பேனாவைத் திறந்து மூடினார். "அது சட்டம். இன்னிக்கு அந்த அம்மா முகத்தைப் பார்க்கும்போது சட்டம் எனக்குப் பெருசாத் தெரியல."

"அந்த மாத்திரையோட எது சேரக்கூடாது?"

"ஆண்மைக் குறைவுக்குக் குடுக்கிற மாத்திரை. ரெண்டும் ரத்தக்குழாயை விரிக்கும். சேர்ந்தா ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிடும். அதைத் தொடவே தொடாதேன்னு அவன்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன். 'எனக்குக் கடற்பாசி இருக்குடா'ன்னு சிரிச்சான்."

"கடற்பாசி ஆம்பளைங்களுக்கு நிஜமாவே ஏதாவது செய்யுதா டாக்டர்?"

"உப்பு இருக்கு, அயோடின் இருக்கு, நார் இருக்கு. சாப்பாட்டுல அளவாச் சேர்த்தா தப்பில்ல. அதிகமாப் போனா தைராய்டைக் கெடுக்கும். ஆண்மைக்குன்னு கேட்டா, எலிகிட்ட ஏதோ பார்த்தோம்னு எழுதுறாங்க. மனுஷன்கிட்ட உறுதியா யாரும் காட்டல."

"அப்ப கம்பெனி திறப்பு விழாவுல ஏன் பேசுனீங்க?"

டாக்டர் முகம் சுருங்கியது. "நண்பன் கூப்பிட்டான். 'கெடுதல் இல்லை'ன்னு மட்டும்தான் சொன்னேன். அவங்க அதை 'டாக்டர் பரிந்துரை'ன்னு அச்சடிச்சுக்கிட்டாங்க. சண்டை போட்டிருக்கணும். போடல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கடைசியா எப்ப பேசுனீங்க?"

"சனிக்கிழமை. போன்ல ஒரு விசித்திரமான கேள்வி கேட்டான். 'கடற்பாசி தின்னா கண்ணு நீலமாத் தெரியுமாடா?'ன்னு. யாரோ வகுப்புக்கு வர்றவர், காப்ஸ்யூல் சாப்பிட்டு மயங்கி விழுந்தாராம், கண்ணெல்லாம் நீலம்னு சொன்னாராம். நான் சிரிச்சேன். 'பாசியில அப்படி வராது. ஆண்மை மாத்திரையிலதான் சிலருக்கு அப்படித் தெரியும்'னேன். அவன் ரொம்ப நேரம் பேசவே இல்ல. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன்."

வெளியே ஜீப்பில் ஏறும்போது ஏட்டு முணுமுணுத்தார். "இதயம் கெட்டிருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் இவருதான் மேடம். இவருக்கு அந்த மருந்தும் கையில கிடைக்கும். விளம்பரத்துல பேரும் இருக்கு. காப்ஸ்யூலைப் பத்தி சுறா உண்மையைச் சொன்னா இவரு மானமும் போகும்."

"சரியாத்தான் சொல்றீங்க. ஒரே ஒரு இடம் இடிக்குது. டாக்டர் கையில பாட்டில் போகவே இல்ல."

ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மேடம்" என்றார். "அப்ப நான் சாப்பிட்டதும் பாசி இல்லையா?"

"அதைப் பரிசோதனைக் கூடம் சொல்லும்."

•

காப்ஸ்யூல் தயாரித்த கொட்டகையில் தரை முழுக்கப் பாசி காய்ந்தது. அரவை இயந்திரம், சலிப்பான், காப்ஸ்யூல் நிரப்பும் தட்டு. எல்லாம் துடைத்து வைத்தமாதிரி சுத்தம். மச்சினன் நீல உடுப்பில் நின்றான். முப்பது வயது, தூங்காத கண்கள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

"மாமா போனதை இன்னும் நம்ப முடியலைங்க" என்றான். "எதுக்கும் உதவாதவன்னு எங்க வீட்லயே என்னை ஒதுக்கி வச்சிருந்தாங்க. அவருதான் இங்க கொண்டாந்து, சாவியைக் கையில குடுத்து, 'இனிமே நீதான்'னாரு."

"நேத்து அவருக்கு பாட்டில் கொண்டுபோய்க் குடுத்தீங்களா?"

"ஆமா. புது சரக்கு. எப்பவும் நானேதான் நிரப்புவேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். அவருக்குச் செய்யறதுல ஒரு திருப்தி."

"சண்டை ஏதாவது?"

"சண்டையா? மாமாவோடயா?"

"அவருக்கு நெஞ்சு வலி இருந்தது தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுங்க. நீங்க சொல்லித்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா அக்காகிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?"

பதில் வேகமாக வந்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து மறுநாள் பிற்பகல் தொலைபேசி வந்தது. சுறாவின் ரத்தத்தில் இரண்டு மருந்துகள். ஒன்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. இன்னொன்று டாக்டர் எச்சரித்த அதே ஆண்மை மருந்து. ஏட்டு கொண்டுவந்து கொடுத்த கடை பாட்டிலில் பாசியோடு அந்த மருந்து கொஞ்சம் கலந்திருந்தது. குளத்து அறையிலிருந்த லேபிள் இல்லாத பாட்டிலில் அதுவே பல மடங்கு.

"வீட்டு அலமாரியில இருந்த பாட்டில்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அது சுத்தம் மேடம். வெறும் கடற்பாசி. மருந்து வாடைகூட இல்ல."

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஏட்டைக் கூப்பிட்டார்.

"விஷம் இருந்த பாட்டிலையே நாம பார்த்துக்கிட்டிருக்கோம். ஆளைக் காட்டிக் குடுக்கிறது விஷம் இல்லாத பாட்டில்."

•

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மனைவி, டாக்டர், மச்சினன். ஏட்டு வாசலில் நின்றார். வெளிச்சம் இன்னும் இருந்ததால் விளக்குப் போடவில்லை.

"உங்க வீட்டுக்காரர் இயற்கையா சாகல" என்றார் இன்ஸ்பெக்டர் மனைவியிடம். "கடையில விக்கிற காப்ஸ்யூல்ல ஆண்மை மருந்தைக் கலந்திருக்காங்க. ஜனங்க பாசி வேலை செய்யுதுன்னு நம்பி வாங்கினதெல்லாம் அந்த மருந்தாலதான். கண்ணுல தெரிஞ்ச நீலமும் அதுதான். இது அவருக்குத் தெரியாது. சனிக்கிழமைதான் தெரிஞ்சது."

மனைவி தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"கலந்தேன்" என்றான். "ஒத்துக்கறேன். பாசி மட்டும் போட்டா யாரும் ரெண்டாவது தடவை வாங்கல. கம்பெனி படுத்துடும்போல இருந்துச்சு. மாமா ஆசைப்பட்டு ஆரம்பிச்சது. அதான் கலந்தேன். ஆனா கொல்லணும்னு இல்லைங்க. மாமாவுக்கு நெஞ்சுல கோளாறுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ தட்டு மாறி, கடைச் சரக்கு அவரு பாட்டில்ல விழுந்திருக்கும்."

"கடைச் சரக்கு இல்ல. அதைவிடப் பல மடங்கு. அது தட்டு மாறி வராது, தனியாக் கலக்கணும்."

"அளவு தப்பியிருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. கலப்படம் தெரிஞ்சவர் நீங்க. இதயம் தெரிஞ்சவர் டாக்டர். ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாத்தான் இது கொலை. அப்படி ஒருத்தர் இருக்காரான்னு பார்த்தேன்." அலமாரியிலிருந்து எடுத்த பாட்டிலின் படத்தை மேசைமேல் வைத்தார். "இதுல வெறும் பாசி. ஏன்?"

மச்சினன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "மாமாவுக்குக் கலப்படம் தெரிஞ்சுடக் கூடாதுன்னு. அவருக்கு மட்டும் சுத்தமானதைக் குடுத்தேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"இல்ல." இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் கண்ணுல நீலம் எப்ப நின்னுச்சு?"

மனைவிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு மிக மெதுவாக, "போன மழைக்காலத்துல" என்றார்.

"டாக்டர், அவருக்கு எப்ப நெஞ்சு வலி வந்துச்சு?"

"போன மழைக்காலத்துல" என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் மச்சினனிடம் திரும்பினார்.

"ஆரம்பத்துல நீங்க அவருக்கும் மருந்து கலந்ததைத்தான் குடுத்தீங்க. அவரும் எல்லாரை மாதிரி நீலம் பார்த்தாரு. கடல் கண்ணுல வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டாரு. அவருக்கு நெஞ்சு வலி வந்து, அந்த மாத்திரை கைக்கு வந்த அதே சமயத்துல நீலம் நின்னு போச்சு. ரெண்டும் சேர்ந்தா உயிர் போகும்னு தெரிஞ்ச ஒருத்தர் அவரு பாட்டிலைச் சுத்தமாக்கியிருக்காரு. அந்த பாட்டிலை உங்களைத் தவிர யாரும் தொடமாட்டாங்கன்னு நீங்களே சொன்னீங்க. அவரைக் காப்பாத்த நீங்க எடுத்த அக்கறைதான் உங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லுது."

மச்சினனின் கைகள் முன்னால் வந்தன.

"பாசி லோடு எடுக்கப் போனப்போ வண்டியிலயே மாமாவுக்கு வலி வந்துடுச்சு" என்றான். யாரையும் பார்க்காமல் பேசினான். "வேர்த்துக் கொட்டுச்சு. நான்தான் டாக்டர்கிட்ட கொண்டுபோனேன், வெளிய வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமா வெளிய வந்து எல்லாம் சொன்னாரு, எதோட எது சேரக்கூடாதுன்னுகூட. அக்காகிட்ட மூச்சு விடாதேன்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மறுநாள் முதல் வேலையா அவரு பாட்டிலை மாத்துனேன். நான்தாங்க அவரை இத்தனை நாள் உயிரோட வச்சிருந்தேன்."

"அவரு சாகறதுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆச்சு?"

"கொட்டகைக்கு வந்தாரு. கத்தல, அடிக்கல. அடிச்சிருக்கலாம். உட்கார்ந்து, 'எனக்கு மட்டும் நல்லதைக் குடுத்திருக்கே, இல்லையா? அதனாலதான் எனக்கு நீலம் தெரியல. உனக்குள்ள நல்லவன் ஒருத்தன் இருக்கான்'னாரு. 'நாளைக்கு நீயே போய் அதிகாரிங்ககிட்ட சொல்லிடு, நான் கூட வர்றேன்'னாரு. கெஞ்சினேன். ஜெயிலுக்குப் போகணும் மாமான்னேன். 'போவோம், நானும்தானே படத்துல இருக்கேன்'னாரு. அவருக்குப் பயமே இல்லைங்க. எனக்கு இருந்துச்சு. மறுபடியும் எதுக்கும் உதவாதவனா நிக்கணுமேன்னு."

"அதனால புது பாட்டில்."

"என்கிட்டேர்ந்து வர்ற பாட்டில் சுத்தம்னு அவருக்குத் தெரியும். கலப்படக்காரன்னு தெரிஞ்ச அப்புறமும் நம்பினாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "காலையில காப்ஸ்யூல், அப்புறம் நீச்சல். நீந்தினா வலி வரும். வலி வந்தா கதவைச் சாத்திட்டு மாத்திரை போடுவாரு. எனக்கு எல்லாம் தெரியும்."

மனைவி எழுந்தார். தம்பிக்கு எதிரே போய் நின்றார். அடிப்பார் என்று நினைத்து ஏட்டு ஓர் அடி முன்னால் வைத்தார். அவர் அடிக்கவில்லை.

"என் கையால பையில வைக்க வச்சியேடா" என்றார்.

"அக்கா..."

"அவரு உடம்பைப் பத்தி அவரு சொல்லல, நீ சொல்லல, டாக்டரும் சொல்லல. நான் டீ போட்டேன், துணி துவைச்சேன், சோப்பு டப்பா வாங்கிக் குடுத்தேன். ஒருத்தராவது எங்கிட்ட சொல்லியிருந்தா அந்த மனுஷனை ஆஸ்பத்திரியில தூக்கிப் போட்டிருப்பேன். இப்ப வார்டுல எங்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்திருப்பாரு."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சினன் அக்காவின் காலைத் தொடக் குனிந்தான். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

•

செய்தி வெளிவர இரண்டொரு நாள் ஆனது. கடைகளிலிருந்து பாட்டில்களை எடுத்துப் போனார்கள். கொட்டகைக்கு முத்திரை வைத்தார்கள். ஏட்டு, இன்ஸ்பெக்டர் சொல்லி, மருத்துவமனையில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டார். கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம், என்னையே நான் கொஞ்சம் பெருசா நினைச்சுட்டேன்" என்றார்.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்குப் போனபோது, வாசலில் துக்கம் கேட்க வந்தவர்கள் நின்றார்கள். எல்லோரும் ஆண்கள். சுறாவிடம் நீச்சல் கற்றவர்கள், அவர் படத்தைப் பார்த்துக் காப்ஸ்யூல் வாங்கியவர்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, இரண்டு வார்த்தை சொல்லி, நகர்ந்தார்கள்.

கடைசியாக ஒரு பெரியவர். நல்ல சட்டை, சீவிய நரைமுடி. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் போகாமல் நின்றார். இன்ஸ்பெக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார். "பேப்பர்ல என்னென்னவோ எழுதறான். எனக்கு நல்லா வேலை செஞ்சுது. அவரு கடலோட பழகினவரு, பொய் சொல்ற ஆள் இல்ல. கொஞ்சம் சரக்கு எங்கயாவது மிச்சம் இருக்குமான்னு..."

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை. வகுப்பில் புரியாத பிள்ளைக்கு இன்னொரு முறை சொல்லித் தருகிற குரல்.

"அவரு பொய் சொல்லலைங்க. நம்பினாரு" என்றார். "ஆனா உங்களுக்கு வேலை செஞ்சது கடல் இல்ல. என் தம்பி."